கனாஸ்ட்ரா மலையடிவாரத்துக்குப் போகிறீர்களா?

சாவோ பாலோவில் வேலை பார்க்கிறவன் நான். நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் சாவோ ரோக்கே டி மினாஸுக்குக் கிளம்பிவிடுவேன். பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில், கனாஸ்ட்ரா மலையடிவாரத்தில், பால்மாட்டையும் காப்பியையும் நம்பி வாழும் சின்ன ஊர். போக விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: ஞாயிற்றுக்கிழமை மதியம் போய் இறங்காதீர்கள். பாதிக் கடை பூட்டியிருக்கும்.

மே முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம். மழை இருக்காது, காப்பிப்பழம் பறிக்கிற சமயமும் அதுதான். ஜூன், ஜூலை இரவுகளில் ஸ்வெட்டர் இல்லாமல் தூங்க முடியாது. டிசம்பர், ஜனவரி மழையில் மண் ரோடெல்லாம் சேறு. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். திரும்பும்போது அந்த அட்டையைக் கேட்பார்கள்.

மாநிலத் தலைநகர் பெலோ ஹொரிசோன்ட்டேயிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸில் வருகிறவர்கள் பக்கத்து ஊரான பியுமி வரை வந்துவிட்டு, மீதித் தூரத்துக்குத் தங்கும் விடுதியிலேயே வண்டி சொல்லிவைப்பது நல்லது. 2020-இல் வந்த பிக்ஸ் என்ற போன் பணப்பரிமாற்றம்தான் இப்போது எங்கும். உள்ளூர் வங்கிக் கணக்கு இல்லாத நமக்கு அது கஷ்டம். ஆகவே பிரேசில் ரியால் நோட்டு, அதுவும் சில்லறையாக, கையில் இருக்கட்டும்.

சரி, ஊருக்குள் வந்தாயிற்று. எதிரே யார் வந்தாலும் "போம் ஜியா" (காலை வணக்கம்) சொல்லுங்கள். கடைக்குள் நுழைந்ததும் விலை கேட்காதீர்கள். வணக்கம், நலம் விசாரிப்பு, அப்புறம்தான் வியாபாரம். பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றித் தருவார்கள். சர்க்கரை பெரும்பாலும் முன்பே போட்டிருக்கும். அதைப் பற்றி வாய் திறக்காமல் குடிப்பதே மரியாதை.

சீஸ் பண்ணைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும், முதல் நாளே சொல்லிவைத்துவிட்டு. விடிவதற்கு முன் கறந்த பாலை, காய்ச்சாமல், சூடு ஆறுவதற்குள் உறைய வைப்பார்கள். அதோடு "பிங்கோ" என்ற நீரையும் சேர்ப்பார்கள். நேற்று உப்புத் தூவி வைத்த சீஸிலிருந்து ராத்திரி முழுக்கச் சொட்டிய நீர் அது. நம் வீட்டு உறைமோர் மாதிரி. கட்டியானதை வெட்டி, வட்ட அச்சில் போட்டு, துணியோடு உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பிழிவார்கள். பெரும்பாலும் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பார்க்க விடுவார்கள். மினாஸின் இந்தச் செய்முறையை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகு பெருமை கொஞ்சம் கூடித்தான் இருக்கிறது, கூடட்டுமே.

சைவக்காரர்கள் கவனிக்க: பீன்ஸில் பன்றிக்கொழுப்பு கிடக்க வாய்ப்பு அதிகம். கேட்டுச் சாப்பிடுங்கள். மரவள்ளி மாவும் சீஸும் சேர்த்துச் சுடும் பாவ் டி கேஜோ இருக்கும்வரை பட்டினி இல்லை. மதியச் சாப்பாட்டை 12 மணிக்கே முடித்துவிடுங்கள். 2 மணிக்குப் போனால் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

கனாஸ்ட்ரா தேசியப் பூங்காவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். சாவோ பிரான்சிஸ்கோ நதி பிறப்பது அங்கேதான். அது சுமார் 186 மீட்டர் விழுகிற காஸ்கா தாந்தா அருவியை மேலிருந்து பார்க்க ஒரு வழி, கீழிருந்து பார்க்க வேறு வழி. இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று எந்த ஜீப்காரர் சொன்னாலும் நம்பாதீர்கள். புல்லில் உண்ணி உண்டு. பேன்ட் காலைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடங்கள்.