டார்ப்பிடோவிலிருந்து தொடங்குங்கள்

என் மைத்துனியின் மகள் டெல்லியில் பாதுகாப்புத் தளவாடக் கொள்முதல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். செம்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, "பெரியப்பா, வெளிநாட்டு நீர்மூழ்கி வாங்கும் கோப்பை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?" என்று கேட்டாள். மும்பையில் கப்பல்களில் ஆயுதம் பொருத்தும் பிரிவில் 29 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். பின்னிணைப்பிலிருந்து படி என்றேன். எவ்வளவு ஆழம் போகும், எத்தனை நாள் மூழ்கியிருக்கும் என்பவை முதல் பக்கங்களிலேயே இருக்கும். எந்த டார்ப்பிடோ (நீருக்கடியில் ஓடிப்போய்க் கப்பலைத் தாக்கும் ஆயுதம்), அதை யார் தருவார் என்பது கடைசியில் சின்ன எழுத்தில் கிடக்கும். அவளுக்குச் சொன்னதை இந்த வேலைக்கு வரும் மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

ஒரு நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் "பொருந்துமா?" என்றும், வலப்பக்கம் "யார் மறுக்கலாம்?" என்றும் தலைப்பு இடுங்கள்.

இடப்பக்கத்தில் முதலில் வருவது விட்டம். நம் கடற்படையின் ஜெர்மன், ரஷ்ய, பிரெஞ்சு வகை நீர்மூழ்கிகள் எல்லாவற்றிலும் ஏவுகுழாயின் விட்டம் 533 மில்லிமீட்டர், அதாவது 21 அங்குலம். அளவு ஒன்றாக இருப்பதால் எதுவும் எதிலும் போகும் என்று எண்ணிவிட வேண்டாம். சில டார்ப்பிடோக்கள் தம் சொந்த மோட்டாரால் குழாயிலிருந்து நீந்தி வெளியேறும். சிலவற்றை அழுத்தம் கொடுத்துத் தள்ள வேண்டும். கூட்டுக்குள் அடைத்து வரும் அமெரிக்க ஹார்ப்பூன் போன்ற ஏவுகணைக்குக் குழாயில் சொந்த ஓட்டம் கிடையாது. தள்ளும் வசதி இல்லாவிட்டால் அது வெளியே போகாது. அடுத்து, டார்ப்பிடோவின் பின்னால் அவிழ்ந்துகொண்டே போகும் கம்பி. அதன் வழியாகத்தான் நீர்மூழ்கி அதற்குத் திசை சொல்கிறது. அந்தக் கம்பியின் மறுமுனை குழாயில் எங்கே இணைகிறது, என்ன மொழியில் பேசுகிறது என்று கேளுங்கள்.

ஒரு பழுதுபார்ப்பின்போது டார்ப்பிடோ எங்கள் குழாய்க்குள் அழகாக வழுக்கிப் போனது. எல்லாரும் கைதட்டினோம். ஆனால் குழாய்க்குள் அதற்கு மின்சாரமும் தகவலும் தரும் கையகலப் பிளக் சேரவில்லை. வரைபடம் விற்றவரிடம் இருந்தது. அதை வெளியிட அவர் நாட்டு அரசின் அனுமதி தேவைப்பட்டது. ஐந்து மாதம் காத்திருந்தோம். அன்றுதான் நோட்டில் வலப்பக்கம் ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

எல்லாவற்றையும் விடக் கடினமான பொருத்தம் போர் மேலாண்மை அமைப்பு. ஒலியைக் கொண்டு கடலுக்குள் இருப்பதை அறியும் சோனார் கருவி கேட்டதை இலக்காக்கி ஆயுதத்துக்குச் சொல்லும் கணினி அது. 1982 ஃபாக்லாந்து போரில் அர்ஜென்டினாவின் சான் லூயிஸ், ஜெர்மனி கட்டிய நல்ல நீர்மூழ்கி. பிரிட்டிஷ் கப்பல்களை நெருங்கியும் விட்டது. ஆனால் ஆயுதத்துக்குக் குறிபார்க்கும் இந்தக் கணினி பழுதாகி, மாலுமிகள் கையால் கணக்குப் போட வேண்டி வந்தது. ஏவிய டார்ப்பிடோவின் கம்பி அறுந்தது. ஒரு கப்பலும் மூழ்கவில்லை. நீர்மூழ்கி, கணினி, டார்ப்பிடோ ஆகிய மூன்றையும் சேர்த்தே சோதித்துப் பார்த்தார்களா என்பதை விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

இனி வலப்பக்கம். என் மனம் அதிகம் புண்பட்ட பகுதியும் இதுதான்.

நம் ஸ்கார்பீன் கதையைப் பாருங்கள். ஆறு நீர்மூழ்கிகளுக்கான ஒப்பந்தம் 2005-ல் பிரெஞ்சு நிறுவனத்துடன் கையெழுத்தானது. கட்டியது மும்பை மசகான் டாக் கப்பல் கட்டும் தளம். டார்ப்பிடோ தனியாக வாங்கப்பட இருந்தது. இத்தாலியின் பிளாக் ஷார்க், மொத்தம் 98 தேர்வாயின. அதைச் செய்த நிறுவனமும், முக்கியப் பிரமுகர்களுக்கான ஹெலிகாப்டர் பேரத்தில் லஞ்சப் புகாருக்கு உள்ளான அகஸ்டா வெஸ்ட்லேண்டும் ஒரே தாய்க்குழுமத்தின் பிள்ளைகள். ஹெலிகாப்டர் விவகாரம் டார்ப்பிடோவையும் இழுத்துக்கொண்டு போனது. 2017 டிசம்பரில் ஆறில் முதலாவதான ஐ.என்.எஸ். கல்வரி படையில் சேர்ந்தபோது அதனிடம் எக்ஸோசெட் ஏவுகணை இருந்தது; புதிய டார்ப்பிடோ இல்லை. பழைய ஜெர்மன் எஸ்.யு.டி. டார்ப்பிடோக்களே கைகொடுத்தன. 2024 டிசம்பரில், நம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கும் மின்சாரக் கனரக டார்ப்பிடோவை இந்த நீர்மூழ்கிகளில் இணைக்க பிரான்சின் நேவல் குரூப்புடன் சுமார் 877 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் ஆனது. டார்ப்பிடோ நம்முடையது. ஆனால் நீர்மூழ்கியை வடிவமைத்தவர் அவர். அவரைக் கேட்டுத்தான் இணைக்க வேண்டும்.

ஆகவே முதல் ஒப்பந்தத்திலேயே, இரண்டாவது ஆயுதம் ஒன்றை இணைப்பதற்கான விலையையும் இடைமுக ஆவணங்களையும் கேட்டு வாங்குங்கள். போட்டியாளர்கள் வாசலில் நிற்கும்போது விலை பேசலாம். கையெழுத்துக்குப் பின் அவர் சொன்னதே விலை. விற்பவரின் தாய்க்குழுமம் வேறு எந்தெந்தப் பேரங்களில் இருக்கிறது என்பதையும் நோட்டில் எழுதுங்கள்.

பிறகு "சரி" சொல்ல வேண்டியவர்களை எண்ணுங்கள். நம் ஷிஷுமார் வகை நீர்மூழ்கி ஜெர்மன் வடிவமைப்பு. அதற்கு ஹார்ப்பூன் வாங்க விரும்பியபோது, 2014-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அறிவிப்பு போக வேண்டியிருந்தது. ஒரு குழாய்க்கு இரண்டு தலைநகரங்கள். தாய்லாந்து 2017-ல் சீனாவிடம் நீர்மூழ்கி வாங்கியது. அதில் ஜெர்மன் எம்.டி.யு. எஞ்சின் இருக்கும் என்று பேச்சு. சீனாவுக்கு ஆயுதம் விற்க 1989 முதல் ஐரோப்பியத் தடை இருப்பதால் ஜெர்மனி தரவில்லை. வாங்கியவர் தாய்லாந்து, விற்றவர் சீனா, நிறுத்தியவர் இருவருமே அல்லாத மூன்றாமவர். எஞ்சின், பெரிஸ்கோப், மின்கலம் என ஒவ்வொன்றும் எந்த நாட்டில் பிறந்தது என்று கேட்பது இதனால்தான்.

அந்த நாடுகளோடு நம் உறவு கசந்தால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்கத் தடையால் உதிரிபாகம் கிடைக்காமல் நம் கடற்படையின் சீ கிங் ஹெலிகாப்டர்கள் தரையில் நின்றன. அவை பிரிட்டனில் வாங்கியவை. ஆஸ்திரேலியா 2021-ல் பிரெஞ்சு நீர்மூழ்கித் திட்டத்தைக் கைவிட்டபோது பிரான்ஸ் தன் தூதரைத் திரும்ப அழைத்தது. ஆஸ்திரேலியா 555 மில்லியன் யூரோ கொடுத்துத் தீர்த்தது. பாதி வழியில் விலக என்ன செலவாகும் என்பதும் கோப்பில் இருக்க வேண்டும்.

உள்நாட்டு அரசியலும் இதில் சேரும். 1981-ல் ஜெர்மனியின் எச்.டி.டபிள்யூ. நிறுவனத்துடன் போட்ட ஒப்பந்தப்படி ஷிஷுமார் வகை நீர்மூழ்கிகள் இரண்டு அங்கேயும் இரண்டு மசகானிலும் உருவாயின. லஞ்சப் புகார் எழுந்தது. மேற்கொண்டு கட்டும் பேச்சு நின்றது. அவற்றில் கடைசியான ஷங்குல் 1994-ல் சேர்ந்த பின், மசகானில் கட்டிய அடுத்த நீர்மூழ்கி சேர்ந்தது 2017-ல்தான். நடுவில் 23 ஆண்டுகள். எனக்கு மூத்தவரான திருநெல்வேலி வெல்டர் ஒருவர், நீர்மூழ்கி உடலின் தடித்த எஃகைப் பற்றவைப்பதை ஜெர்மானியர்களிடம் கற்றவர். மாட்டுங்காவில் சந்திக்கும்போதெல்லாம் கையை விரித்துக் காட்டுவார். அவர் பின்னர் வளைகுடாவுக்கு எண்ணெய்க் குழாய் வேலைக்குப் போய்விட்டார். விற்பவருக்குத் தடை விதிக்க நேர்ந்தால் கற்ற கைகளுக்கு அந்தக் காலத்தில் என்ன வேலை தரப்போகிறோம் என்று ஒரு பத்தி சேருங்கள். எந்தக் கோப்பிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

கரையிலும் சில உண்டு: டார்ப்பிடோ மின்கலத்தின் ஆயுள், பட்டறை, பயிற்சிக்கு ஏவியதை மீட்டு வரும் கப்பல். இவற்றைத் தனித்தனியாக விலை கேளுங்கள். போர்முனை வெடிபொருளை எந்த வெப்பநிலையில், எப்படிக் கையாள வேண்டும் என்ற ஆவணம் முழுதாக வராமல் கையெழுத்துப் போடாதீர்கள். 2013 ஆகஸ்ட் 14 அன்று இதே மும்பைத் துறையில் சிந்துரக்ஷக் நீர்மூழ்கி வெடித்து 18 பேர் இறந்தார்கள். ஆயுதத்தின் அருகிலேயே உறங்கும் பிள்ளைகள் அவர்கள்.

கடைசித் தவணைப் பணத்தை, நம் கடலில், நம் மாலுமிகள், ஒப்பந்தத்தில் உள்ள ஒவ்வொரு ஆயுதத்தையும் ஏவி முடிக்கும் நாளோடு கட்டிவையுங்கள். தேதியோடு அல்ல, ஏவுதலோடு. என் மைத்துனி மகள் அந்த வரியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டுதான் ரயில் ஏறினாள்.