மைலோமா ஃபைலோடு அமெரிக்கா வருகிறவர்களுக்கு

ஊரில் மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்து, நோய் மறுபடி தலைகாட்டும் நேரத்தில் வேலை மாறுதலாகி இங்கே வருகிறவர்கள் இருக்கிறார்கள். டல்லாஸ் பக்கம் எனக்குத் தெரிந்தே ஒரு அண்ணன் உண்டு. அவர் பட்ட பாட்டைப் பார்த்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

முதலில் சட்டுபுட்டென்று சில விஷயங்கள். பழைய நோய் என்று சொல்லி கம்பெனி இன்ஷூரன்ஸ் உங்களை ஒதுக்க முடியாது. 2014 முதல் சட்டம் அப்படி. விசிட்டர் விசாவில் வரும் அப்பா அம்மாவுக்கு எடுக்கும் பாலிசி வேறு ரகம், ஏற்கெனவே உள்ள புற்றுநோய்க்கு அதை நம்ப வேண்டாம். மருத்துவமனை உங்கள் இன்ஷூரன்ஸ் நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று பாருங்கள். மைலோமாவே வேலையாக இருக்கும் டாக்டரிடம் ஒரு தடவையாவது காட்டுங்கள், டல்லாஸில் யூ.டி. சவுத்வெஸ்டர்ன், ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் மாதிரி இடங்களில் இருக்கிறார்கள்.

போர்டெசோமிப், லெனலிடோமைட், டாராடுமுமாப் என்று வழக்கமாகக் கொடுக்கும் மைலோமா மருந்துகள் எதற்கும் நோய் அடங்கவில்லை என்றால் இங்கே பேச்சு பெரும்பாலும் இரண்டு பக்கம் போகும். ஒன்று கார்-டி. நோயை எதிர்க்கும் ரத்த அணுக்களான உங்கள் டி செல்களையே எடுத்து, மைலோமாவைத் தாக்கும்படி மாற்றி, சில வாரம் கழித்து ஒரே தடவை ஏற்றுவார்கள். சில்டா-செல் என்ற கார்-டியை முதல் ஆய்வில் 97 பேருக்கு ஏற்றினார்கள், எல்லாரும் பல மருந்து பார்த்துச் சலித்தவர்கள். அதில் 32 பேருக்கு ஐந்து வருஷத்துக்கு மேலும் நோய் திரும்பவில்லை, வேறு மைலோமா மருந்தும் தேவைப்படவில்லை. ஆனால் செல் தயாராகும் வரை நோய் பொறுத்திருக்க வேண்டுமே! கடும் காய்ச்சல், நரம்புக் கோளாறு, சிலருக்குத் தாமதமாகப் பார்க்கின்சன் மாதிரித் தடுமாற்றம் எல்லாம் வரலாம்.

இன்னொன்று பைஸ்பெசிஃபிக் ஊசி, டி செல்லையும் மைலோமா செல்லையும் சேர்த்துப் பிடித்துவிடும் மருந்து: டெக்லிஸ்டமாப், எல்ரனாடமாப், டால்குவெடமாப். தயாராகவே இருக்கும், சீக்கிரம் ஆரம்பிக்கலாம். ஆனால் விடாமல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கிருமித் தொற்று துரத்தும். டால்குவெடமாப் நாக்கின் ருசியைப் பறித்துவிடும், ரசம் வெந்நீர் மாதிரி இறங்கும். எது முதலில் என்று கட்டாயம் கேளுங்கள். சில்டா-செல், டெக்லிஸ்டமாப் இரண்டுக்கும் இலக்கு மைலோமா செல்லின் மேல் இருக்கும் பி.சி.எம்.ஏ. என்ற ஒரே புரதம்தான். அந்த ஊசியை முதலில் போட்டுவிட்டால் பிறகு கார்-டி எடுபடும் வாய்ப்பு குறைகிறது.

சரி, அண்ணன் மாட்டிக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். 2024 ஏப்ரலிலிருந்து சில்டா-செல்லை முன்னாலேயே, அதாவது பல மருந்து பார்த்துச் சலிக்கும் முன்பே, கொடுக்கலாம். நிபந்தனை, லெனலிடோமைடுக்கு நோய் ரிஃப்ராக்டரி ஆகியிருக்க வேண்டும். அதாவது மருந்து சாப்பிடும்போதே, அல்லது கடைசி டோஸிலிருந்து 60 நாளுக்குள், நோய் ஏறியிருக்க வேண்டும். அண்ணனுக்கு அப்படித்தான் ஏறியது. ஆனால் ஊர் ஃபைலில் இருந்தது, அந்த மாத்திரை நிறுத்தி வேறு தொடங்கப்பட்டது என்ற ஒரு வரி. ஏன் நிறுத்தினார்கள்? ஒத்துக்கொள்ளவில்லையா, பணமுடையா, நோய் ஏறியதா? போதாததற்குச் சீட்டு முழுக்க இங்கே யாரும் கேள்விப்படாத இந்திய பிராண்டு பெயர்கள். ஆதாரம் போதாது என்று இன்ஷூரன்ஸ் சில்டா-செல்லை மறுத்துவிட்டது. அண்ணி இரவு பத்தரைக்கு, அங்கே காலை ஒன்பதுக்கு, ஓ.பி. திறக்கும் நேரம் பார்த்துப் போன் போடுவார். "டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்கார்மா, அப்புறம் பண்ணுங்க." கடைசியில் லெட்டர்ஹெட்டில் நாலு வரி வந்தது, ரத்தத்தில் மைலோமா புரத அளவு (எம் ஸ்பைக்) ஏறிய தேதிகளோடு. அதற்குள் அண்ணனுக்கு முதுகெலும்பில் புதிதாக ஒரு முறிவு.

ஆகவே கிளம்பும் முன்பே டாக்டரிடம் உட்கார்ந்து வாங்கிவிடுங்கள்: மருந்தின் ஜெனரிக் பெயர், டோஸ், தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி, நிறுத்திய காரணம். காரணம்தான் முக்கியம். ஃபிஷ் என்ற மரபணு ரிப்போர்ட், ஃப்ரீ லைட் செயின் என்ற ரத்தப் புரத அளவுகள், எலும்பு மஜ்ஜை ஸ்லைடு எல்லாம் கைப்பையில் வரட்டும். எத்தனை லைன், அதாவது எத்தனை கட்ட சிகிச்சை, முடிந்தது என்று நீங்களே கணக்குப் போடாதீர்கள். முதல் கீமோ, டிரான்ஸ்பிளான்ட், மெயின்டனன்ஸ் மூன்றும் ஒரே திட்டமாக நடந்திருந்தால் ஒரு லைன்தான். அண்ணன் நாலு என்று நினைத்திருந்தார், இங்கே எண்ணினால் இரண்டு. அந்த பைஸ்பெசிஃபிக் ஊசிகளைத் தனியாகப் போடுவதென்றாலோ பொதுவாக நாலு லைன் கேட்பார்கள்.

மறுப்புக் கடிதம் வந்தால் 180 நாளுக்குள் அப்பீல் போடலாம். அவசரம் என்று டாக்டர் எழுதினால் 72 மணி நேரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அதிலும் மறுத்தால் வெளியாள் ரிவ்யூ உண்டு. நம்மவர்கள்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனி சொன்னால் சொன்னதுதான் என்று அடங்கிவிடுகிறார்கள்.

கார்-டி ஏற்றிய பிறகு குறைந்தது இரண்டு வாரம் மருத்துவமனை பக்கத்திலேயே தங்க வேண்டும், கார் ஓட்டக் கூடாது, கூடவே ஒருவர் இருந்தாக வேண்டும். ஊரென்றால் சித்தியும் பெரியம்மாவும் முறை போட்டு வருவார்கள். இங்கே வேலையைக் காப்பாற்றும் எஃப்.எம்.எல்.ஏ. விடுப்பே சேர்ந்து 12 மாதம் ஆனவர்களுக்குத்தான். உடம்பு முடியாத நாட்களில் சம்பளத்தில் ஒரு பங்கு தரும் ஷார்ட் டேர்ம் டிஸெபிலிட்டி எப்போதிலிருந்து உண்டு என்று எச்.ஆரிடம் முதல் வாரமே கேளுங்கள். துணைக்கு அம்மாவையோ மாமியாரையோ வரவழைப்பதாக இருந்தால், விசா இன்டர்வியூ தேதியை செல் எடுப்பதற்கு முன்பே பிடித்து வையுங்கள்.