அடி எண்ணும் பட்டையை நம்பும் முன்

மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டை நம் கால்களைப் பார்ப்பதில்லை. அதனுள் இருக்கும் முடுக்கமானி கையின் அசைவை மட்டுமே உணர்கிறது. அதிலிருந்து அடிகளை ஊகித்துச் சொல்வது மென்பொருள். இதை மறந்துவிட்டு எண்ணிக்கையை அப்படியே நம்புவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. ரங்கநாதன் தெருவில் இரு கைகளிலும் துணிப்பைகளைச் சுமந்துகொண்டு நடப்பவருக்குக் கைவீச்சே இருக்காது என்பதால், அவர் நடந்த அடிகளில் பல கணக்கில் ஏறாமல் போகலாம். குண்டும் குழியுமான சாலையில் ஷேர் ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு வருபவருக்கோ நடக்காத அடிகள் சேரலாம். வாக்கர் பிடித்து நடக்கும் முதியவருக்குக் கருவியை இடுப்பிலோ கணுக்காலிலோ பொருத்துவதே மேல்.

மூட்டுவலிக்காரரான என் அம்மாவின் அடிக்கணக்கு ஒரு வாரம் திடீரெனச் சரிந்தபோது, வலி முற்றிவிட்டதென்று நாங்கள் பதறினோம். உண்மையில், காலையில் குளிக்கப் போகையில் கழற்றிச் சாமி அலமாரியில் வைத்த பட்டையை அவர் மாலை விளக்கேற்றும்போதுதான் மீண்டும் எடுத்துக் கட்டியிருக்கிறார். அணியாத நேரத்தை நடக்காத நேரமாக எண்ணிவிட்டோம். ஆய்வுகளில் பெரும்பாலும் ஏழு நாள் அணியச் சொல்லி, நாளொன்றுக்கு 10 மணி நேரமாவது அணிந்த நாள்கள் குறைந்தது 4 இருந்தால்தான் அந்தப் பதிவை ஏற்பார்கள். மே மாத வெயிலில் எடுத்த கணக்கை மார்கழிக் காலை நடையோடு ஒப்பிடுவதும் வீண்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில், மருத்துவர் பார்த்துக்கொண்டிருக்க நடக்கும் வேகம் வேறு, கூடத்திலிருந்து அடுப்படிக்கு நடக்கும் வேகம் வேறு. பின்னது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும் என்பதால், இரண்டையும் அருகருகே வைத்து உடல்நிலை மோசமாகிவிட்டதென்று முடிவுகட்டக் கூடாது. மெதுவான நடையையும் வீட்டுக்குள் வைக்கும் நாலைந்து அடிகளையும் பல கருவிகள் தவறவிடுவதும் உண்டு.

நாளுக்கு 10,000 அடி என்ற இலக்கோ 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவர்கள் ஆராய்ந்து வகுத்த வரம்பு அன்று. அமெரிக்க மூதாட்டியரை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய 7,500 அடிகளுக்கு மேல் இறப்பு அபாயம் தொடர்ந்து குறையவில்லை.

புதிய பட்டை வாங்கியவுடன், அணியப்போகிறவரையே அவரது வழக்கமான வேகத்தில் வீட்டுக்குள் நடக்கச் சொல்லி, கூடவே வாய்விட்டு 100 அடி எண்ணிப் பாருங்கள். பட்டை 60 என்று காட்டினால், வலியைப் பற்றிப் பேசும் முன் அதைக் கட்டியிருக்கும் இடத்தை மாற்றிப் பாருங்கள்.