பென்ஷன் இல்லாத பட்டாளத்துக்காரர் வீட்டில் பணமுடை வந்தால்

நீலகிரி வெலிங்டனில், ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரில் கிளார்க்காக இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் நான். இப்போது அருவங்காட்டில் இருக்கிறேன். பழைய பட்டாளத்துக்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பதுதான் இப்போது என் வேலை.

போன ஆடி மழையில் கேத்தி பக்கம் ஒரு அக்கா கூப்பிட்டிருந்தார். அவருக்கு 68 வயது. கணவர் ஏழு வருஷம் சர்வீஸ் செய்துவிட்டுக் குடும்ப நிலைமையால் வெளியே வந்தவர், இப்போது உயிரோடு இல்லை. பென்ஷனுக்கு 15 வருஷம் வேண்டும். "பென்ஷனே இல்லாதவங்களுக்கு யார் தம்பி கொடுப்பாங்க?" என்று கேட்டார். கம்மலை அடகு வைத்துத்தான் மருந்து வாங்கியிருக்கிறார். எனக்கு மனசே ஆறவில்லை.

பென்ஷன் இல்லாதவர்களுக்கென்றே ஓர் உதவித்தொகை இருக்கிறது. ஹவில்தார் வரை பதவியில் இருந்தவர், அல்லது அவருடைய விதவை, 65 வயது ஆகியிருந்தால் கேட்கலாம். மாதம் 4,000 ரூபாயாக இருந்ததை 2025 நவம்பரிலிருந்து 8,000 ஆக்கியிருக்கிறார்கள். டிசம்பர் 7 கொடிநாளில் சனங்கள் உண்டியலில் போடுகிற காசும் சேர்ந்த நிதி இது. கேட்கக் கூச்சப்படாதீர்கள், உங்களுக்காகப் போட்ட காசுதான்.

முதலில் டிஸ்சார்ஜ் புக்கை, அதாவது பட்டாளத்திலிருந்து வெளியே வரும்போது கொடுத்த புத்தகத்தை, எடுத்துப் பாருங்கள். அக்கா வீட்டு டிரங்குப் பெட்டியில் அது பூசணம் பிடித்து, குடும்ப விவரம் எழுதிய பக்கங்கள் ஒட்டிக் கிடந்தன. அடுப்புக்குச் சற்றுத் தள்ளி வைத்து, இரண்டு நாள் காயவிட்டுப் பிரித்தோம். நம் மலை ஈரத்துக்குக் காகிதம் தாங்காது. பிளாஸ்டிக் கவரில் போட்டு அரிசி டப்பாவுக்குள் வையுங்கள், போனில் ஒவ்வொரு பக்கமும் படம் எடுங்கள். புக்கில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றா என்றும் பாருங்கள். இனிஷியல் மாறியிருந்தால்கூட மனு நின்றுவிடும்.

அப்புறம் புக், ஆதார், பேங்க் பாஸ்புக், கணவர் இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ், எல்லாம் எடுத்துக்கொண்டு ஊட்டி முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். முன்னாள் படைவீரர் அல்லது விதவை அடையாள அட்டை இல்லாதவர்கள் அங்கேயே முதலில் அதை வாங்குங்கள். மனு கேந்திரிய சைனிக் போர்டின் (முன்னாள் படைவீரர்களுக்கான மத்திய வாரியம்) இணையதளத்தில் ஏறும், அலுவலகம் சரிபார்த்து டெல்லிக்குப் பரிந்துரைக்கும். கிடைத்த பிறகு வருஷா வருஷம் உயிர்வாழ் சான்று கொடுக்க மறக்காதீர்கள்.

ஆனால் இது நாளைக்கே கைக்கு வருகிற பணம் இல்லை. திடீரென்று ஆஸ்பத்திரி என்றால், பென்ஷன்காரர்கள் இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டோடு போகலாம். அந்தத் திட்டத்தின் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் அவசரமாகச் சேர்ந்தால், 48 மணி நேரத்துக்குள் திட்டத்தின் மருத்துவமனையான பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். பென்ஷன் இல்லாதவர்கள், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை இப்போதே வாங்கி வையுங்கள். காப்பீட்டுக்கு மேல் கையிலிருந்து செலவானால் சைனிக் போர்டில் மருத்துவ உதவியும் கேட்கலாம். அதற்கு அசல் பில்லும் டிஸ்சார்ஜ் சம்மரியும் வேண்டும். ஒரு சீட்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.