மச்சாளின் கலியாண வீடியோவும் மாமாவின் வேட்டியும்

நல்லூரில் மச்சாளின் கலியாணம். எஸ்-லாக் 3-இல் (பின்னால் நிறம் திருத்தவென்று வெளிறலாகப் பதியும் சோனி கமெரா முறை) எடுத்ததை, நிறம் திருத்தும் மென்பொருளான டாவின்சி ரிசால்வில் போட்டு, சாதாரணத் திரைக்கான நிறத் தரமான ரெக். 709-க்கு மாற்றும் லட்டை, அதாவது நிறமாற்று அட்டவணையை, ஏற்றினேன். முகமெல்லாம் மஞ்சள் பூசியது போல. மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் மடிப்பே இல்லை. லட்டுக்குப் பிந்திய நோடில் (நோட் என்பது திருத்தத்தின் ஒரு படி) ஹைலைட்டை, அதாவது மிக வெளிச்சமான பகுதியை, குறைத்தேன். வேட்டி சாம்பலானது, மடிப்பு வரவில்லை. இரண்டு இரவு போச்சு.

பிழை நோட்களின் வரிசையில்தான். லட் வெட்டிவிட்ட வெளிச்சத்தைப் பின்னால் நிற்கும் நோட் எப்படி மீட்கும்? லட்டுக்கு முன்னால் ஒரு நோட் சேர்த்து, அதில் வெளிச்சத்தைக் குறைத்தேன், மடிப்பு திரும்பியது.

சரி, மஞ்சள்? பட்டு வேட்டி வெள்ளையல்ல, சந்தன நிறம். அதை வெள்ளையென்று நம்பித் திருத்தினால் முகம் நீலிக்கும். வாழைமரத்தடியில் நின்ற மாமாவின் வெள்ளைப் பருத்தி வேட்டியை அளவாகப் பிடித்தேன். நிறங்களின் அளவைத் தனித்தனியே காட்டும் பரேட் ஸ்கோப்பில் அதன் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஏறத்தாழ ஒரே உயரத்துக்கு வரும்வரை அதே முன் நோடில் கெயினை (வெளிச்சப் பகுதியின் நிற அளவை) நகர்த்தினேன்.