பல கிளப்புகளில் ஆடிய முன்கள வீரர் பயிற்சியாளராவது எப்படி?

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஆறேழு கிளப்புகளுக்கு மாறி மாறி ஆடிய ஒரு கால்பந்து முன்கள வீரர் பயிற்சியாளராக விரும்பினால், அவருடைய உண்மையான முதலீடு அடித்த கோல்கள் அல்ல. அவரை ஆடவைத்த, ஆடவைக்காமல் உட்காரவைத்த பயிற்சியாளர்கள்தாம். ஒரே கிளப்பில் காலம் கழித்த நட்சத்திர வீரருக்கு இத்தனை வகையான உடைமாற்றும் அறைகளைப் பார்க்கும் வாய்ப்பு கிடைப்பதில்லை. ஆனால் பார்த்தது வெறும் நினைவாக நின்றுவிட்டால், ஓய்வுக்குப் பின் அது பழங்கதையாகிவிடும்.

ஆகவே, ஆடும் காலத்திலேயே ஒரு குறிப்பேட்டைத் தொடங்க வேண்டும். பயிற்சியாளரின் வீர உரைகளை அதில் எழுதிப் பயனில்லை. அன்றைய பயிற்சியின் நோக்கம், எத்தனை பேர், எவ்வளவு பரப்பில், எத்தனை நிமிடம் ஆடினார்கள், எந்த இடத்தில் அது குலைந்தது என்பவற்றையே எழுத வேண்டும்.

பயிற்சியாளர் உரிமப் படிப்பையும் ஓய்வு வரை தள்ளிப்போடக் கூடாது. ஐரோப்பாவில், அக்கண்டத்தின் கால்பந்து அமைப்பான யூஃபாவின் உரிமங்கள் சி, பி, ஏ, புரோ என்ற வரிசையில் ஏறுகின்றன. முதல்நிலை லீக் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளருக்குப் பொதுவாகப் புரோ உரிமம் தேவைப்படும். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் செல்லப் பயிற்சி அளித்த அனுபவமும் வேண்டும் என்பதால், முப்பது வயதுக்கு முன்பே தொடங்கியவருக்குச் சில ஆண்டுகள் மிச்சமாகும்.

முதல் வேலை சிறியதாக இருப்பதில் தவறில்லை. ஸ்காட்லாந்தில் ஆறு கிளப்புகளுக்கு முன்கள வீரராக ஆடி, பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட்டின் புகழ்பெற்ற மேலாளரான அலெக்ஸ் ஃபெர்குசன், 1974-இல் தம் 32-ஆவது வயதில், ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷயர் என்ற சிறு கிளப்பில் பகுதிநேர மேலாளராகத்தான் தொடங்கினார். அவர் பொறுப்பேற்றபோது அணியில் ஒரு கோல்கீப்பர்கூட இல்லை.

கடினமான பகுதி இனிமேல்தான் வருகிறது. முன்கள வீரர் ஆட்டத்தை எதிரணியின் கோலை நோக்கியே பார்த்துப் பழகியவர். தன் முதுகுக்குப் பின்னே நடுக்கள வீரர்களுக்கும் தடுப்பாட்டக்காரர்களுக்கும் இடையில் எவ்வளவு வெளி திறந்திருந்தது என்பதை அவர் பெரும்பாலும் கவனித்திருக்க மாட்டார். இதைச் சரிசெய்ய, கோலுக்குப் பின்புறம் அமர்ந்து, பந்தைப் பார்க்காமல் நான்கு தடுப்பாட்டக்காரர்களை மட்டும் ஓர் ஆட்டம் முழுவதும் பார்க்க வேண்டும். முதல் அரைமணி நேரம் சலிப்பாகத்தான் இருக்கும். பிறகு, ஒருவர் முன்னேறும்போது மற்ற மூவரும் எத்தனை அடி உள்ளே நகர்கிறார்கள் என்பது தெரியத் தொடங்கும்.

அதே வேளையில், பந்தை இழந்தவுடன் எதிரணியை நெருக்கும் கலையைக் கற்பிப்பதில் அவருக்கு இயல்பான தேர்ச்சி உண்டு. பந்து பின்னோக்கித் தள்ளப்படும்போது, பந்தை வாங்குபவர் தன் கோலைப் பார்த்து நிற்கும்போது, முதல் தொடுகை தவறிப் பந்து காலை விட்டு விலகும்போது, இவையெல்லாம் பாய வேண்டிய கணங்கள் என்பதை அவர் உடலே அறியும். ஆனால் ‘நான் ஓடுவதைப் பார்’ என்று செய்து காட்டுவது போதாது. நேராக ஓடாமல் வளைந்து ஓடினால், நடுவிலிருக்கும் வீரருக்கான பாஸ் தன் உடலாலேயே மறைக்கப்படும் என்று காரணத்தைச் சொல்ல வேண்டும்; அரை மைதானத்தில் ஆறு பேருக்கு எதிராக நால்வரை நிறுத்தி, அதை மீண்டும் மீண்டும் ஆடவைக்க வேண்டும். உள்ளுணர்வால் ஆடியவர்களுக்கு இப்படி விளக்குவது எளிதாக வருவதில்லை என்பதே என் கணிப்பு.

அணித் தேர்வில், மாற்று வீரர் இருக்கையில் கழித்த மாலைகள் கைகொடுக்கும். நீக்கப்படும் வீரர் அச்செய்தியைச் சுவரில் ஒட்டிய பட்டியலில் படிக்கும்படி விடாமல், அதற்கு முன்பே தனியே அழைத்து, பயிற்சியால் திருத்தக்கூடிய ஒரே ஒரு காரணத்தைச் சொல்லி, அதற்கான பயிற்சி எந்த நாளில் நடக்கும் என்பதையும் அப்போதே குறித்துக் கொடுக்க வேண்டும்.