பழைய ஆர்சி 390 வளைவில் சொன்னபடி கேட்க: முதல்முறை செய்பவர்களுக்கு

கைமாறி வந்த கேடிஎம் ஆர்சி 390 வளைவில் முரண்டு பிடித்தால், பலரும் உடனே விலை உயர்ந்த சஸ்பென்ஷனைத் தேடுகிறார்கள். அவசரம் வேண்டாம். 2014-இல் வந்த முதல் தலைமுறை வண்டியின் சேசிஸ் இன்றும் அருமையானது. முன்பு வைத்திருந்தவர் கவனிக்காமல் விட்டதைச் சரிசெய்தாலே வண்டி பெருமளவு பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் வரிசை மாறக் கூடாது: டயர், பேரிங், செயின், அதன்பிறகுதான் ஸ்பிரிங்.

1. டயர்

வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது, கையேட்டில் உள்ள அளவுக்குக் காற்று வையுங்கள். சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிக்கொள்வது நல்லது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. வயதான ரப்பர் பட்டன் தேயாமலே இறுகிப்போயிருக்கும். நெடுஞ்சாலையிலேயே ஓடிய டயர் நடுவில் தட்டையாகிவிடும். அதனால் வண்டி முதலில் சாய மறுத்து, பிறகு திடீரெனச் சாய்ந்துவிடும். எந்த செட்டிங்கும் இதைச் சரிசெய்யாது, டயரை மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது முன்னால் 110/70, பின்னால் 150/60 என்ற அதே அளவையே போடுங்கள். பின் ரிம்மின் அகலம் 4 அங்குலம்தான். அதில் அகலமான டயரைத் திணித்தால் அதன் வளைவு வடிவம் கெட்டு, வண்டி சாயச் சோம்பல்படும்.

2. ஸ்டீயரிங் பேரிங், ஃபோர்க், செயின்

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, ஹேண்டிலை மெதுவாக இருபுறமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஏதோ பள்ளத்தில் விழுந்து நிற்பதுபோல் சிக்கினால் பேரிங் போய்விட்டது. ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது 'டொக்' என்று தட்டினால் இறுக்கம் குறைவு. ஃபோர்க் குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் சீல் மாற்றச் சொல்லுங்கள், எண்ணெயும் புதிதாகட்டும். செயின் தொய்வைக் கையேட்டின்படி வைத்து, பின் அச்சின் குறிகள் இருபுறமும் ஒன்றாக நிற்கின்றனவா எனப் பாருங்கள். அச்சு நட்டை டார்க் ரெஞ்ச் (குறிப்பிட்ட இறுக்கத்துக்கு முறுக்க உதவும் ஸ்பேனர்) கொண்டே முறுக்குங்கள்.

3. சாக் அளப்பது

சாக் (sag) என்பது எடையால் வண்டி அமுங்கும் அளவு. அதை அளப்பது காசே செலவில்லாத வேலை, பலன் மிக அதிகம். ஆனாலும் பெரும்பாலோர் இதைச் செய்வதே இல்லை.

வால் பகுதியில், பின் அச்சுக்கு நேர் மேலே டேப் ஒட்டிக் குறி வையுங்கள். அச்சுக்கும் குறிக்கும் உள்ள தூரத்தை மூன்று முறை அளக்க வேண்டும். முதலில் பின் சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது. இரண்டாவது, வண்டி தன் எடையில் நேராக நிற்கும்போது. மூன்றாவது, ஹெல்மெட், ஜாக்கெட்டோடு நீங்கள் ஏறி, ஓட்டும் நிலையில் உட்கார்ந்திருக்கும்போது. இரண்டு நண்பர்கள் வேண்டும்: ஒருவர் வண்டியைப் பிடிக்க, ஒருவர் அளக்க.

முதல் அளவிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் கிடைப்பது ரைடர் சாக். பின் சக்கரம் மொத்தம் 150 மி.மீ. ஏறி இறங்கும், அதில் 30 சதவீதம், அதாவது 45 மி.மீ. அளவில் தொடங்கலாம். அதைவிட அதிகமாக அமுங்கினால் ப்ரீலோடை (பின் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு) கூட்டுங்கள், குறைவாக அமுங்கினால் குறையுங்கள்.

ப்ரீலோட் கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று மெக்கானிக்குகளே சொல்வதுண்டு. அது தவறு. ஸ்பிரிங் அதேதான்; வண்டியின் பின்பக்கம் உயர்கிறது, அவ்வளவுதான். பின்பக்கம் உயர்ந்தால் ஃபோர்க் நிமிர்ந்து, வண்டி வளைவுக்குள் சட்டென்று திரும்பும். அளவு மீறினால் வேகத்தில் முன்பக்கம் அலைபாயும்.

முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தும் பாருங்கள். ரைடர் சாக் சரியாக இருந்தும், தன் எடையில் வண்டி சற்றும் அமுங்கவில்லை என்றால் அந்த ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மென்மையானது. வேறு ஸ்பிரிங் வாங்கும் பேச்சு அப்போது எழட்டும்.

முன் ஃபோர்க்கில் இந்த மாடலுக்குத் திருகி மாற்றும் செட்டிங் வசதி கிடையாது. சீலும் எண்ணெயும் நன்றாக இருந்தால் போதும்.

4. ஓட்டிப் பார்ப்பது

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், அதே சாலை, அதே வேகம். ஒவ்வொரு முறையும் என்ன மாற்றினீர்கள், வண்டி எப்படி நடந்துகொண்டது என்று எழுதி வையுங்கள். வேகத்தில் சோதிக்க வேண்டுமென்றால் பொதுச்சாலை வேண்டாம். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்திலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ பழகுநர்களுக்கான ட்ராக் நாள் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.